சாமான் ஏத்த லாரி கிடைக்குது, பக்கத்துல உட்கார ஆள் கிடைக்கலையே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தபால் துறையில 36 வருஷம் வேலை பார்த்து 2013ல ரிட்டயர் ஆனவன், இப்ப வயசு 72. என் சர்வீஸ் முழுக்க அடுத்தவங்க வீடு மாறினதை பார்த்தவன் நான். வீடு காலி பண்ணி போறவங்க போஸ்ட் ஆபீஸ்ல வந்து புது அட்ரஸ் எழுதி கொடுத்துட்டு போவாங்க, அவங்க பேருக்கு வர்ற தபால்ல பழைய விலாசத்தை அடிச்சு புதுசை எழுதி திருப்பி விடுவோம், எழுதி கொடுக்காம போனவங்க தபால் 'லெஃப்ட்'னு எழுதி அனுப்பினவருக்கே திரும்பி போயிடும். அந்த ஒரு வார்த்தைக்கு பின்னாடி எவ்வளவு வேலையும் எவ்வளவு வலியும் இருக்குன்னு எனக்கு இந்த வருஷம்தான் தெரிஞ்சுது, ஏன்னா கும்பகோணத்துல 41 வருஷம் இருந்த வீட்டை விட்டுட்டு நானும் என் வீட்டம்மாவும் குரோம்பேட்டைக்கு வந்தோம். அதைப் பத்திதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்களுக்கு ஒரே பொண்ணு, பல்லாவரத்துல இருக்கா, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே வேலைக்கு போறவங்க. என் வீட்டம்மாவுக்கு 67 வயசு, சர்க்கரைக்கு இன்சுலின் போடுறாங்க, ரெண்டு முழங்காலும் போச்சு, பழைய ஓட்டு வீட்டுல முற்றத்துல இறங்கி ஏறவே முடியலை. ராத்திரி ஒரு தடவை சர்க்கரை ரொம்ப இறங்கி போய் நான் தனியா தவிச்சதை கேட்டுட்டு பொண்ணு அழுதுட்டா, "அப்பா இனிமே அங்க வேணாம்ப்பா, என் பக்கத்துல வந்துடுங்க"ன்னு ஒரே பிடிவாதம். வைகாசியில நல்ல நாள் பார்த்து புது பிளாட்ல பால் காய்ச்சியாச்சு, ஆடி பிறக்கறதுக்குள்ள சாமானை கொண்டு வந்துடணும்னு பேச்சு. அதாவது 41 வருஷத்து வீட்டை காலி பண்ண எங்களுக்கு கிடைச்சது ஒரு மாசம் சொச்சம்தான்.

எல்லாரும் சொன்னது ஒண்ணேதான், "பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்ல சொல்லிடுங்க, அவங்களே எல்லாம் பார்த்துப்பாங்க". அவங்க பார்த்துக்கறது சாமானை மட்டும்தான் சார். அட்டைப்பெட்டி கொண்டு வந்து கண்ணுல பட்டதை எல்லாம் போட்டு டேப் ஒட்டி லாரியில ஏத்துவாங்க, அது அவங்க வேலை, அதுல தப்பு இல்லை. ஆனா மூணு கட்டு வீட்டு சாமான் ரெண்டு பெட்ரூம் பிளாட்டுக்குள்ள போகாதே, எதை எடுத்துக்கறது எதை விடுறதுன்னு யார் உட்கார்ந்து பிரிக்கறது? பரண் மேல ஏறி என்ன இருக்குன்னு யார் பார்க்கறது? எனக்கு ஸ்டூல் மேல ஏறினாலே தலை சுத்துது. பொண்ணு சனி ஞாயிறு மட்டும்தான் வர முடியும், வந்தாலும் அவசரத்துல "இதெல்லாம் எதுக்கும்மா, தூக்கி போடு"ன்னு சொல்லிடுவா, உடனே அவங்க அம்மா முகம் சுருங்கிடும், அதோட அன்னைக்கு வேலை நின்னுடும். முதல் ரெண்டு வாரக் கடைசி அப்படியே போச்சு, ஒரு அலமாரி கூட காலி ஆகலை.

அப்ப வந்து கை கொடுத்தது பக்கத்து வீட்டு பொண்ணு. பி.காம் முடிச்சுட்டு வேலை தேடிட்டு இருந்தா. "பெரியப்பா நான் தினமும் காலையில மூணு மணி நேரம் வரேன், பெரியம்மாவை அவசரப்படுத்தாதீங்க"ன்னு சொல்லிட்டு 12 நாள் வந்தா. அந்த பொண்ணு வேலை செஞ்ச விதத்தை நான் விவரமா எழுதணும், ஏன்னா என் லெட்டரே அதுக்காகத்தான்.

முதல் நாள் வந்து எதையும் தொடவே இல்லை. புது பிளாட்டோட அளவை என் பொண்ணுகிட்ட போன்ல கேட்டு ஒரு பேப்பர்ல வரைஞ்சுகிட்டா, கட்டில் இங்க, பீரோ இங்க, சாமி அலமாரி இங்கன்னு பென்சில்ல போட்டு பெரியம்மாகிட்ட காட்டினா. ஊஞ்சல் போட இடமே இல்லைன்னு என் வீட்டம்மாவே அதை பார்த்து தெரிஞ்சுகிட்டாங்க, வேற யாரும் சொல்ல வேண்டி இருக்கலை. அதுக்கு அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு இடம்தான். ஒரு நாள் சமையல்கட்டு, ஒரு நாள் பரண், ஒரு நாள் டிரங்கு பெட்டி. ஒவ்வொரு சாமானையும் கையில கொடுத்து "இது எப்ப வாங்கினது பெரியம்மா"ன்னு கேட்பா, அவங்க சொல்லி முடிக்கற வரைக்கும் உட்கார்ந்து கேட்பா, அப்புறம் போன்ல ஒரு போட்டோ எடுத்துப்பா. போட்டோ எடுத்த பிறகு கொடுக்கறதுக்கு மனசு வந்துடுது, இது எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. பித்தளை அண்டா, வெண்கலப் பானை, தாம்பாளம் எல்லாம் அப்படித்தான் போச்சு, பாதி சொந்தக்காரங்களுக்கு, மீதி எடைக்கு. எடைக்கு போடும்போது கூட ஒரே கடையில போடாம மூணு கடையில ரேட்டு கேட்டுட்டு வந்துதான் போட்டா. அம்மியையும் ஆட்டுக்கல்லையும் தெருக்கோடியில இருக்கிற வீட்டுல கேட்டு வாங்கிகிட்டாங்க, கொல்லைப்புறத்துல போட்டு இன்னைக்கும் அரைக்கறாங்களாம். எங்கப்பா வச்சிருந்த பழைய புஸ்தகம் ரெண்டு பெட்டி இருந்துச்சு, பேப்பர்காரர்கிட்ட போட இருந்தேன், "இருங்க பெரியப்பா, சென்னை தரமணியில ரோஜா முத்தையா நூலகம் இருக்கே, அவங்க பழைய தமிழ் புஸ்தகத்தை பாதுகாக்கறவங்க, முதல்ல கேட்டுப் பார்ப்போம்"னு தடுத்துட்டா. அது கோட்டையூர்ல ஒருத்தர் தனி ஆளா சேர்த்து வச்ச புஸ்தகங்களை வச்சு 1994ல ஆரம்பிச்ச நூலகம், அந்த மாதிரி ஒரு மனுஷன் சேர்க்கலைன்னா எவ்வளவு எடைக்கு போயிருக்கும்னு நினைச்சேன், புஸ்தகப் பெட்டியை கையோட கொண்டு வந்துட்டேன்.

காகிதம்தான் ரொம்ப முக்கியம், வயசானவங்க வீடு மாறும்போது காணாம போறது அதுதான். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்க சான்று, பென்ஷன் புக்கு, எஃப்.டி ரசீது, எல்.ஐ.சி பாண்டு, லாக்கர் சாவி, ஆஸ்பத்திரி ஃபைல் எல்லாத்தையும் ஒரு தோள் பையில போட்டு இது லாரியில ஏறக்கூடாது உங்க மடியிலேயே இருக்கணும்னு சொல்லிட்டா. டாக்டர்கிட்ட போய் என்னென்ன மருந்து எவ்வளவு அளவுன்னு ஒரே தாள்ல எழுதி வாங்கினதும் அவதான், புது ஊர் டாக்டர் அதை பார்த்துட்டு அஞ்சே நிமிஷத்துல புரிஞ்சுகிட்டார். கிளம்பற அன்னைக்கு ஃபிரிட்ஜை காலி பண்ணி ஏத்தறாங்க, உள்ள இன்சுலின் இருந்ததை நானே மறந்துட்டேன். திறக்காத இன்சுலின் 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், அதே சமயம் ஐஸ் மேல நேரா படவும் கூடாது, உறைஞ்சு போனா வீண். அவ ஒரு சின்ன ஐஸ் டப்பாவுல துணி சுத்தி வச்சு கார்ல எங்ககூட அனுப்பினா. கூடவே முதல் நாள் பெட்டின்னு ஒண்ணு, அதுல ரெண்டு செட் துணி, மருந்து, டார்ச், போன் சார்ஜர், காபி பில்டர், ரெண்டு டம்ளர், போர்வை. ராத்திரி 9 மணிக்கு புது வீட்டுல நாங்க திறந்தது அந்த ஒரு பெட்டியைத்தான்.

இப்ப லாரிக்காரங்க கதை. போன்லயே வீட்டுல என்னென்ன இருக்குன்னு கேட்டு 22,000 ரூபாய்னு சொன்னாங்க, 5,000 அட்வான்ஸ் வாங்கினாங்க, யாரும் நேர்ல வந்து பார்க்கலை. ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வந்து பிளாட் வாசல்ல லாரியை நிறுத்திட்டு, சாமான் சொன்னதை விட அதிகம், ரெண்டாவது மாடிக்கு தனி கூலி, இன்னும் 9,000 கொடுத்தாதான் கதவை திறப்போம்னு நின்னுட்டாங்க. எங்க கட்டில் கூட உள்ளதான் இருக்கு, என் வீட்டம்மா கால் வீங்கி போய் காவலாளி நாற்காலியில உட்கார்ந்திருக்காங்க, நான் என்ன பண்ணுவேன்? பொண்ணு வந்து சண்டை போட்டு 6,000ல முடிஞ்சுது. சின்ன வயசுக்காரங்களா இருந்தா ரெண்டு மணி நேரம் நின்னு பேசியிருப்பாங்க, எங்களால முடியாதுன்னு அவங்களுக்கு தெரியும் சார், அதை தெரிஞ்சுகிட்டு கேட்கறதுதான் எனக்கு இன்னைக்கும் ஆறலை. அப்புறம்தான் தெரிஞ்சுகிட்டேன், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, காசில்லாம போன் பண்ணலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நாம குடியிருக்கிற ஊர்லயே வழக்கு போடலாம், 5 லட்ச ரூபாய் வரைக்கும் கோர்ட் கட்டணமும் கிடையாது. இதை படிக்கறவங்க தயவுசெஞ்சு ஆள் நேர்ல வந்து பார்த்து, மாடி, லிப்டு, ஏத்துகூலி, இறக்குகூலி எல்லாம் சேர்த்து இவ்வளவுதான்னு எழுதி கையெழுத்து போட்டு தராம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. கண்ணாடி சாமான், டிவி இருந்தா இன்சூரன்ஸ் இருக்கா, அந்த தாள் எங்கன்னும் கேளுங்க.

சாமான் வந்து சேர்ந்துட்டா வீடு மாறியாச்சுன்னு நினைச்சேன், அப்புறம்தான் பெரிய வேலையே ஆரம்பம். கேஸ் கனெக்‌ஷனை பாருங்க. வேற ஊருக்கு போனா சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில ஒப்படைச்சு டெபாசிட்டை வாங்கிகிட்டு வவுச்சர் வாங்கணும், அதை புது ஏஜென்சியில கொடுத்தாதான் கனெக்‌ஷன். நாங்க 1980கள்ல கட்டின டெபாசிட் அன்னைக்கு என்ன தொகையோ அதுதான் திரும்ப வரும், இங்க கட்டறது இன்னைக்கு ரேட்டு. ஆதார்ல அட்ரஸ் மாத்தினாதான் மத்ததெல்லாம் நகரும், ஆனா புது வாடகை வீட்டுல எங்க பேருல என்ன ஆதாரம் இருக்கு? குடும்பத்துல ஒருத்தரோட ஆதாரை வச்சு மத்தவங்க அட்ரஸை மாத்தற வழியை 2023 ஜனவரியில கொண்டு வந்துட்டாங்க, அதாவது என் பொண்ணு சம்மதம் கொடுத்தா அவ ஆதார்ல இருக்கிற விலாசம் எங்களுக்கு வரும். ஆனா அவ பல்லாவரத்துல இருக்கா, நாங்க குரோம்பேட்டையில, அந்த விலாசம் எங்களுக்கு பொருந்தாதே. மகன் வீட்டுலயோ மகள் வீட்டுலயோ கூடவே இருக்க போறவங்களுக்கு இது பெரிய உதவி, எங்களுக்கு வாடகை ஒப்பந்தத்தை பதிவு பண்ணிதான் காரியம் ஆச்சு. ரேஷன் கார்டை தஞ்சாவூர் மாவட்டத்துலேர்ந்து செங்கல்பட்டு மாவட்டத்துக்கு மாத்த போனா ஓடிபி போறது நாங்க எப்பவோ விட்டுட்ட பழைய நம்பருக்கு. வாக்காளர் பட்டியலுக்கு படிவம் 8. பேங்க்ல கிளை மாத்தணும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆபீஸ், ஒரு டோக்கன், ஒரு படிக்கட்டு. எழுத படிக்க தெரிஞ்ச, ஃபாரத்தோடவே 36 வருஷம் வாழ்ந்த எனக்கே ரெண்டரை மாசம் ஆச்சு, தனியா இருக்கிற ஒரு அம்மா என்ன பண்ணுவாங்க?

ஆனா இது முடியாத காரியம் இல்லை, எனக்கு நல்லா தெரியும். பென்ஷன்காரங்க உயிரோட இருக்கோம்னு வருஷா வருஷம் போய் நிக்கறது எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு, இப்ப எங்க துறையோட இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்க் மூலமா 2020லேர்ந்து தபால்காரரே மிஷினோட வீட்டுக்கு வந்து விரல் ரேகை வாங்கி டிஜிட்டல் உயிர்வாழ் சான்று எடுத்து தர்றார், 70 ரூபாய்தான். ஆதார்ல போன் நம்பர் மாத்தறதும் தபால்காரர் வீட்டு வாசல்லயே செய்யறார். தமிழ்நாட்டுல 2025 ஆகஸ்ட்லேர்ந்து தாயுமானவர் திட்டத்துல வயசானவங்க வீட்டுக்கே ரேஷன் பொருள் போகுது. அரிசி வீட்டுக்கு வரும்போது அந்த கார்டுல அட்ரஸ் மாத்தறது மட்டும் ஏன் வரக்கூடாது? 70 வயசு தாண்டினவங்க வீடு மாறினா, ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு நாள் வந்து ஆதார், ரேஷன், வாக்காளர் அட்டை, கேஸ்னு எல்லாத்துக்கும் சேர்த்து எழுதி வாங்கிட்டு போற மாதிரி இ-சேவை மையங்கள் மூலமா ஒரு ஏற்பாடு பண்ணுங்கன்னு உங்க பத்திரிகை மூலமா அரசாங்கத்தை கேட்டுக்கறேன்.

இன்னொண்ணு, பக்கத்து வீட்டு பொண்ணு செஞ்சது ஒரு வேலை. அமெரிக்காவுல இருக்கிற என் தங்கச்சி மகன் இதை கேட்டுட்டு சொன்னான், அங்க சீனியர் மூவ் மேனேஜர்னு இதுக்குன்னே ஆள் இருக்காங்க மாமா, 2002லயே தேசிய அளவுல சங்கம் வச்சுட்டாங்கன்னு. வயசானவங்க கூட உட்கார்ந்து சாமான் பிரிச்சு, எதை யாருக்கு கொடுக்கறதுன்னு பார்த்து, புது வீட்டுல கட்டில் போட்டு விரிப்பு விரிச்சு திரை மாட்டி கொடுக்கற வரைக்கும் அவங்க பொறுப்பாம். நம்ம தமிழ்நாட்டுல 2011 சென்சஸ்லயே நூத்துக்கு பத்து பேருக்கு மேல 60 வயசு தாண்டினவங்க, பிள்ளைங்க வெளியூர்ல, இங்க இந்த வேலைக்கு ஆள் தேவை இல்லையா? நம்ம மகளிர் சுய உதவிக் குழுக்கள்ல எத்தனையோ பெண்கள் இருக்காங்க, நம்பிக்கையானவங்க, ஊர்க்காரங்க, அவங்களுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தா அழகா செய்வாங்க. கல்லூரியில நாட்டு நலப்பணித் திட்டத்து பிள்ளைங்க பரண் இறக்கவும் பெட்டி கட்டவும் வரலாம். ஆனா கூலி கொடுக்கணும், சும்மா வாங்கக்கூடாது. எங்க பொண்ணு மாதிரி இருந்தவ காசே வேணாம்னு சொன்னா, நான் விடலை, ஒரு நாளைக்கு 500 ரூபாய்னு கணக்கு போட்டு கையில வச்சுதான் கிளம்பினேன், என் வீட்டம்மா தனியா வெள்ளி குங்குமச்சிமிழ் கொடுத்தாங்க, அது வேற. வேலைன்னு மதிச்சு காசு கொடுத்தாதான் அடுத்த வீட்டுக்கும் யாராவது வருவாங்க.

வந்து சேர்ந்த பிறகு நடந்ததையும் சொல்லணும், பிள்ளைங்க கவனிக்கணும்னு சொல்றேன். மூணாவது நாள் ராத்திரி என் வீட்டம்மா பாத்ரூம் போக எழுந்து இடது பக்கம் திரும்பி நேரா சுவத்துல மோதி கீழ சாஞ்சுட்டாங்க. பழைய வீட்டுல கட்டில்லேர்ந்து இடது பக்கம் இறங்கிதான் கொல்லைக்கு போகணும், 41 வருஷம் பழகின கால் அது, இருட்டுல அந்தப் பக்கமே போச்சு. நல்லவேளை மணிக்கட்டுல வீக்கத்தோட போச்சு. மறுநாளே கட்டிலை திருப்பி போட்டு இடது பக்கம் இறங்கற மாதிரி பண்ணினோம், வழியில சின்ன நைட் லைட், பாத்ரூம்ல பிடிச்சுக்க கம்பி. இதையெல்லாம் நாங்க வர்றதுக்கு முன்னாடியே செஞ்சிருக்கணும், யாரும் எங்களுக்கு சொல்லலை. அப்புறம் ஒரு மாசம் சாயங்காலம் ஆனா பேசாம உட்கார்ந்திருப்பாங்க, "ஏங்க, அங்க முற்றத்துல துளசிக்கு யாரு தண்ணி ஊத்தறாங்க"ன்னு கேட்பாங்க. அது பிடிவாதம் இல்லை, வியாதியும் இல்லை, அந்த நேரத்துல பக்கத்துல யாராவது இருந்தா போதும். யாருமே இல்லாதவங்களுக்கு 14567னு முதியோர் உதவி எண் இருக்கு, காலை 8 மணியிலேர்ந்து ராத்திரி 8 மணி வரைக்கும் பேசலாம், தகவலும் சொல்வாங்க, ஆறுதலாவும் பேசுவாங்க.

இந்த அவசரத்துல வீட்டை பிள்ளைங்க பேருக்கு எழுதி கொடுத்துட்டு கிளம்பறவங்க நிறைய பேர், என் கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் அப்படி எழுதிட்டு இப்ப கண் கலங்கறார். எழுதறதா இருந்தா கடைசி வரைக்கும் பராமரிக்கணும்னு ஷரத்து போட்டு எழுதுங்க, அதை மீறினா பத்திரம் செல்லாதுன்னு அறிவிக்க 2007 பெற்றோர் மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டத்துல 23வது பிரிவு இருக்கு, கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுக்கலாம். நாங்க எங்க வீட்டை விக்கலை எழுதவும் இல்லை, வாடகைக்குத்தான் விட்டிருக்கோம்.

எங்க பில்டிங்ல மூணாவது மாடியில ஒரு அம்மா, 76 வயசு, ஓசூர்ல மகன் வீட்டுக்கு போறாங்க அடுத்த மாசம். அவங்களுக்கு கேஸ் வவுச்சர் விஷயமே தெரியலை, சிலிண்டரை லாரியில ஏத்திடலாம்னு நினைச்சுட்டு இருந்தாங்க. மகன் வீட்டுலயே இருக்க போறதால அவங்களுக்கு ஆதார் வேலை சுலபமா முடிஞ்சுடும், மகன்கிட்ட போன்ல பேசிட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில அவங்க கூட நான் ஏஜென்சிக்கு போறேன், புதன்கிழமை என் வீட்டம்மா அவங்க சமையல்கட்டு சாமானை பிரிக்க போய் உட்கார போறாங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால் ஊழியர்,
குரோம்பேட்டை.